வினைவேகமானியும் இயக்குநரின் அடக்கமும்

மனிதகுல வரலாற்றில் அடக்கம் என்னும் குணம் ஆங்காங்கே தலைகாட்டியிருக்கலாம். ஆனால் அது தன் உச்சத்தை எட்டியது கல்-நீர் வினைவேக ஆய்வகத்தின் இயக்குநரிடத்தில்தான் என்பதைப் பணிவன்புடன் பதிவு செய்கிறோம்.

அவரைப் பிடிக்காதவர்கள் உண்டு. பெரிய மனிதர்களுக்கு அந்தச் செல்வம் ஒருநாளும் குறைவதில்லை. அவர் பெயர் இல்லாத சுவரே அந்தக் கட்டடத்தில் கிடையாது என்று அவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். நுழைவாயில் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. மின்தூக்கியைத் திறந்து வைத்தபோது பதித்த பலகையில் இருக்கிறது. அந்த மின்தூக்கி மறுவாரமே படுத்துவிட்டதால், 'பழுது நீக்கும் பணியைத் தொடங்கி வைத்தவர்' என்று பக்கத்திலேயே இன்னொரு பலகையிலும் இருக்கிறது. கழிப்பறைக்குப் புதுக் குழாய் போட்ட வகையில், கை கழுவுகிறவர்கள் தப்பிக்கவே முடியாத உயரத்தில் ஒன்று இருக்கிறது. இவற்றை மட்டும் பார்த்துவிட்டு அவரை விளம்பரப் பிரியர் என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கதி தெரியாது. அவர் பெயரைக் கல்லில் பொறித்துத் தருகிறேன், காசே வேண்டாம் என்று ஓர் ஆள் வலிய வந்து கெஞ்சி நின்றபோது, இயக்குநர் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். அந்த மறுப்பின் வரலாறுதான் இது.

ஆய்வகத்தின் உயிர்நாடி வினைவேகமானி. பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. அது செய்வது எளிய வேலை. தடித்த எஃகில் ஒரு குடுவை. அதற்குள் கல்லை இடித்துப் போட வேண்டும். மூடியைத் திருகி முறுக்கி, பூமிக்கடியில் எவ்வளவு சூடும் அழுத்தமும் உண்டோ அவ்வளவையும் கொடுத்து, ஒரு பக்கத்திலிருந்து நீரைத் தள்ள வேண்டும். நீர் கல்லோடு கொஞ்ச நேரம் குடித்தனம் நடத்திவிட்டு மறுபக்கம் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். அதில் கல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த நீர் அந்தக் கல்லை என்ன வேகத்தில் தின்கிறது என்று தெரிந்துவிடும். மலைக்கடியில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியத்தை மேசைமேல் நடத்திக் காட்டுகிற அற்புதக் கருவி.

இயக்குநர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். திரைமேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க விடவில்லை. உரித்தால் கீறல் விழுமாம். தாளுக்கடியில் எட்டும் மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்ததால், சந்தேகம் வருகிற நாட்களில் அறையில் இருப்பவர்கள் கை தூக்கி வாக்களித்து எண்ணை முடிவு செய்தார்கள். அறிவியலும் ஜனநாயகமும் இவ்வளவு நெருங்கிப் பழகிய இடம் வேறு இல்லை.

இப்படிப்பட்ட ஆய்வகத்திடம் ஊரின் தலையெழுத்தே ஒருநாள் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு சாயத் தொழிற்சாலை. அதன் அமிலக் கழிவுநீரை ஆற்றில் விட்டால் ஜனங்கள் கத்துகிறார்கள். ஆகவே ஆழக் குழாய் இறக்கி, பூமிக்கடியில் இருக்கிற சுண்ணாம்புப் பாறைக்குள் செலுத்திவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, கத்தலும் இருக்காது என்று மேலிடம் யோசித்தது. அந்தப் பாறைக்கு மேலே ஒரு மேடு. மேட்டின்மேல் வரிசை வரிசையாகப் புதிய வீடுகள். பாதியில் ஆட்கள் குடிவந்தாகிவிட்டது, மீதியில் வர்ணம் காய்ந்துகொண்டிருந்தது. பாறை கரைந்தால் மேடு உட்காரும். மேடு உட்கார்ந்தால் வீடுகள் மட்டும் நின்றுகொண்டிருப்பது மரியாதையாக இருக்காது அல்லவா? கரையுமா கரையாதா என்று ஆய்வகம் சொல்ல வேண்டும்; அதைக் கேட்டு முடிவெடுக்க மேலிடம் ஒரு குழுவையும் போட்டிருந்தது.

இதில் இயக்குநருக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. அவருடைய ஒரே மகளும் மாப்பிள்ளையும் அந்த மேட்டில்தான் வீடு வாங்கியிருந்தார்கள். மகள் வயிற்றுப் பிள்ளைக்காரி. பிள்ளை பிறந்த கையோடு புதுவீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஜன்னல் திரைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளை போட்டுப் பாறையை உருளை உருளையாக எடுத்து லாரியில் அனுப்பினார்கள். வருகிற வழியிலேயே முக்கால்வாசி பொடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் முழுசாக வந்து சேர்ந்தது. ஆள் தொடை பருமன், இடுப்பு உயரம், நல்ல வெள்ளை. கூடவே தொழிற்சாலையிலிருந்து கழிவுநீர் பீப்பாய் பீப்பாயாக வந்து தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டது.

கருவியைக் கவனித்துக்கொள்ள இளநிலை ஆய்வாளர் ஒருத்தி இருந்தாள். படிப்பு முடித்த சூடு இன்னும் ஆறாதவள்.

"சார், இதுக்குச் சோதனையே தேவையில்ல. சுண்ணாம்புக் கல்லு, அமிலத் தண்ணி. பார்த்தாலே தெரியுதே."

"பார்த்தா தெரியுறதுக்கு ஆய்வகம் எதுக்கும்மா?"

அவள் உருளையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "அப்ப இந்த உருளையில ஒரு துண்டு வெட்டி, இடிச்சு, குடுவையில போடணும் சார்" என்றாள்.

"இடிக்கிறதா?" இயக்குநர் உருளையைக் கையால் அணைத்துக்கொண்டார். "வந்ததுல இது ஒண்ணுதான் உருப்படியா வந்திருக்கு. இதையும் இடிச்சுட்டா, குழு வரும்போது எதைக் காட்டுறது?"

"சோதனையைக் காட்டலாம் சார்."

"சொட்டுச் சொட்டா தண்ணி விழுறதைப் பாக்கவா அவங்க இவ்வளவு தூரம் வரணும்? அவங்கவங்க வீட்டுக் குழாயே அதைத்தான் செய்யுது."

"அப்ப உடைஞ்ச துண்டுங்களையாவது..."

"உடைஞ்ச கல்லு உடைஞ்ச கல்லோட குணத்தைத்தான் காட்டும். முழுக் கல்லோட குணத்தை அது எப்படிம்மா காட்டும்?"

இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. உடைந்த துண்டுகளை வண்டி நிறுத்துமிடத்துப் பள்ளங்களில் கொட்டி நிரப்பினார்கள். ஆய்வாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில், ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கினால் போதும் என்ற நினைப்பில், "முதல்ல வெற்றோட்டம் பாத்துடட்டுமா சார்?" என்று கேட்டாள்.

வெற்றோட்டம் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற முதல் வேலை. கல்லே போடாமல், வெறும் குடுவையில் நீரை ஓட்டிப் பார்ப்பது. குடுவையோ குழாயோ தானாக எதையாவது கரைத்துவிட்டு நம்மை ஏமாற்றுகிறதா என்று தெரிந்துகொள்வதற்காக. அது முடிந்த பிறகுதான் கல்லைப் போட்டு உண்மையான சோதனையைத் தொடங்குவார்கள்.

"தாராளமாப் பாருங்க" என்றார் இயக்குநர்.

பார்த்தாள். நீர் போனது, நீர் வந்தது. கல் இல்லாத குடுவையிலிருந்து கல் கரைந்து வரவில்லை. திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆடாமல் அசையாமல் ஓடியது. இயக்குநர் அதைப் பார்த்த பார்வையில் பெற்ற பாசம் தெரிந்தது.

"என் சர்வீஸ்ல இவ்வளவு நேரான கோட்டைப் பாத்ததில்லம்மா."

"இது வெற்றோட்டம் சார். இன்னும் கல்லு போடலையே."

"அதனாலதான் இவ்வளவு சுத்தமா வந்திருக்கு. கல்லைப் போட்டா கோடு கெட்டுப்போகும்."

'சோதனை நடைபெற்ற காலம் முழுவதும், வெளிவந்த நீரில் கல் கரைந்ததற்கான அறிகுறி ஏதும் காணப்படவில்லை' என்று முடிவு எழுதப்பட்டது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வாரமே அந்தப் பெண்ணுக்கு முதுநிலை ஆய்வாளராகப் பதவி உயர்வு வந்தது. கேள்வி கேட்பது இளநிலை வேலை என்பதால் அதன்பின் அவள் கேட்கவில்லை.

முழு உருளைக்கு அதற்குரிய கௌரவம் கிடைத்தது. முகப்புக் கூடத்தில் பெரிய எவர்சில்வர் தொட்டி வைத்து, நடுவில் உருளையை நிறுத்தி, உச்சியிலிருந்து நீர் வழிந்து ஓடும்படி மோட்டார் பொருத்தி ஒரு நீரூற்று அமைத்தார் இயக்குநர். கல்லும் நீரும் சந்திக்கிற ஆய்வகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் உண்டா? நீருக்கும் அவரே வழி சொன்னார். கருவி ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தான் குடிக்கும். தாழ்வாரத்தில் பீப்பாய்கள் நடக்க இடமில்லாமல் அடைந்து கிடக்கின்றன. அந்தத் தண்ணீரையே ஊற்றச் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்னால் கல்வெட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த ஊரில் எந்த அலுவலகத்தில் எந்தத் திறப்பு விழா நடந்தாலும் பலகை செதுக்குகிறவர் அவர்தான். மின் உளியும் தூசி படிந்த மீசையுமாக வந்தார். பெரிய பேச்சுக்காரர்.

"என்ன எழுதணும் ஐயா? வழக்கமானதுதானா?"

"பேரு, பட்டங்கள், பதவி. அதுக்குக் கீழ, இந்தக் கல்லு எங்கருந்து எடுத்தது, எதுக்குன்னு ரெண்டு வரி."

கல்வெட்டுக்காரர் நூல் பிடித்து அளந்து பார்த்தார். "உங்க பட்டத்துக்கே கல்லு சரியாப் போச்சு ஐயா. கீழ இடமில்ல. பட்டத்துல ஒண்ணு ரெண்டைக் குறைச்சா..."

"அப்ப அந்த ரெண்டு வரி வேண்டாம்."

ஆக, கல் எங்கிருந்து வந்தது என்பது கல்லில் ஏறவில்லை. கல்வெட்டுக்காரர் உளியை ஓட்டிக்கொண்டே பேசினார்.

"ஊர்ல இருக்குற கட்டடத்துக்கெல்லாம் 'இக்கட்டடம்' 'இக்கட்டடம்'னு செதுக்கியாச்சு ஐயா. எனக்குன்னு ஒரு கட்டடம் வாய்க்கல. இருக்குற வாடகை வீட்டுலயும், உளிச் சத்தம் தலைவலி குடுக்குதுன்னு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றாரு. எங்க வீட்டம்மாவும் பிள்ளைங்களும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த மேட்டுல ஏதாவது வீடு வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாப்போம், பாப்போம்" என்றார் இயக்குநர், தன் பெயரின் முதலெழுத்து கல்லில் இறங்குவதைப் பார்த்தபடி.

நீரூற்று பெரும் வெற்றி. கல்மேல் நீர் பட்ட இடமெல்லாம் புசுபுசுவென்று நுரைத்தது. விளக்கொளியில் அந்த நுரை அவ்வளவு அழகு. வந்தவர்களெல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நுரை எப்படி வருகிறது என்று கேட்டவர்களிடம், "புதுத் தொழில்நுட்பம்" என்றார் இயக்குநர். நுரை அடங்கினால் பழைய நீரைக் கொட்டிவிட்டு இன்னொரு பீப்பாயைத் திறந்தார்கள். இவ்வாறாக, மாடியில் கல்லில்லாத கருவியும் கீழே கருவியில்லாத கல்லும் தத்தம் கடமையைச் சோர்வில்லாமல் செய்துகொண்டிருந்தன.

தினமும் காலையில் உள்ளே நுழையும்போது இயக்குநர் தன் பெயரை ஒருமுறை படித்துவிட்டுத்தான் மாடியேறுவார். சில நாட்களில் பட்டங்களின் புள்ளிகளைக் காணவில்லை. பிறகு ஒரு பட்டத்தையே காணவில்லை. கல்வெட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, கூட்டுகிறவர்கள் யாரோ கழிப்பறை ஆசிட்டைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். துப்புரவுப் பிரிவுக்குக் கடுமையான எச்சரிக்கை போனது. எழுத்தை முன்னைவிட ஆழமாக வெட்டினார்கள். அதுவும் மழுங்கியது. இன்னும் ஆழமாக வெட்டினார்கள்.

அதற்கடுத்த முறை வந்த கல்வெட்டுக்காரர் பையிலிருந்து உளியை எடுக்கவே இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லி, கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இனிமே இதுல எழுத எடமில்ல."

"பதவியை விட்டுடு. பேரும் பட்டமும் போதும்."

"பேருக்கே எடமில்ல ஐயா. கல்லைப் பாருங்க."

இயக்குநர் அன்றுதான் பெயரை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தார். தொடை பருமன் இருந்தது மணிக்கட்டுப் பருமனுக்கு இளைத்திருந்தது. விரலால் தொட்டார். ஆடியது.

"இதை எப்போ முதல்ல செதுக்கினோம்?"

"மழைக்கு முன்னாலதான் ஐயா. இப்பத்தான் வெயிலு ஆரம்பிக்குது. சத்தே இல்லாத கல்லு ஐயா இது. இதை நம்பி ஒரு வாசப்படிகூடப் போட முடியாது. எங்கருந்து புடிச்சாங்க?"

இயக்குநர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவரை மூடர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கம் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இப்போது அது விழித்துக்கொண்டது. மாடிக்குப் போனார். பிளாஸ்டிக் தாளுக்கடியில் கோடு நிம்மதியாகப் படுத்திருந்தது. கீழே வந்தார். தொட்டியில் மிச்சமிருந்த நீர் கல்லின் அடியை நக்கிக்கொண்டு மெல்ல நுரைத்தது. மேடு கண்ணில் வந்து நின்றது. மேட்டில் மகள் வீடு. ஜன்னலில் அவள் இன்னும் தைக்காத திரை. வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆராய்ச்சி முடிவை அவர் உடம்பால் உணர்ந்தார். பயந்துபோனார்.

சாதாரண மனிதனாக இருந்தால் அங்கிருந்தே ஓடிப்போய்க் குழுவிடம் உண்மையைக் கொட்டியிருப்பான். இயக்குநர் நிதானமானவர். முதலில் நீரூற்றைப் 'பராமரிப்புக்காக' அகற்றச் சொன்னார். அந்த இடத்தில் பிளாஸ்டிக் செடி ஒன்று வைக்கப்பட்டது. செடியை நட்டவர் என்று தொட்டியில் அவர் பெயர் எழுதப்பட்டது.

குழு கூடியது. குழுத் தலைவர் எதையும் சுருக்கமாகக் கேட்கிறவர்.

"கரையுமா, கரையாதா?"

இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களுக்காகச் சொல்கிறோம்: உண்மையிலேயே தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

"ஏன் கேக்குறேன்னா," என்று தலைவர் தொடர்ந்தார், "கரையாதுன்னா திட்டம் கிளம்பிடும். மேலிடத்துல எல்லா ஆய்வகத்துக்கும் சேர்த்து ஒரு தலைமை இயக்குநர் போடப் போறாங்க. உங்க பேருதான் அடிபடுது. கரையும்னா தப்பில்ல, இன்னும் ஆழமா ஆராயணும். ஆனா அதுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்."

இயக்குநர் திறந்த வாயால், "சோதனை நடைபெற்ற காலம் முழுவதும் கல் கரைந்ததற்கான அறிகுறி ஏதும் காணப்படவில்லை" என்றார்.

முதுநிலை ஆய்வாளர் கோட்டைத் திரையில் காட்டினாள். காட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடேயப்பா, எவ்வளவு நேரா இருக்கு!" என்றார் தலைவர்.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். கீழ ஒரு நீரூற்று இருந்ததே, கல்லு வெச்சது. அழகா நுரைச்சுக்கிட்டு இருக்கும். அது எங்க?"

இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் மெதுவாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"பராமரிப்புல இருக்கு" என்றார்.

"சீக்கிரம் திரும்ப வைங்க. நான் பேத்தியைக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன்."

அத்துடன் விவாதம் முடிந்து தேநீர் வந்தது. இயக்குநர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, மேடு பாறைபோல் உறுதியானது என்றார். எந்தப் பாறை என்று அவர்கள் கேட்கவில்லை.

அன்று மாலை, மகள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனார். கட்டில் முழுக்கத் துணி விரிந்து கிடந்தது.

"அப்பா, பச்சை நல்லா இருக்கா, மஞ்சளா?"

"அந்த வீட்டை வித்துடுங்கம்மா."

அவளுக்கு விளங்கவில்லை. "எந்த வீட்டை?"

"மேட்டு வீட்டை. மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. ஊருக்குத் தெக்கால கெட்டியான தரையில நான் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன்."

"என்னப்பா பேசுறீங்க? இப்பத்தான் டிவில பாத்தேன். பாறை மாதிரி உறுதின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஊருக்குச் சொன்னது. இப்ப உனக்குச் சொல்றேன்."

மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். கை தானாக வயிற்றின்மேல் போனது.

"அப்ப நம்மகிட்ட வாங்குறவங்க?"

"அவங்களுக்கும் ஒரு அப்பா இருப்பாரும்மா. அவர் பாத்துப்பாரு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மாப்பிள்ளைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை; மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மறுநாளே வீடு விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டார்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முதலில் ஓடிவந்தவர் கல்வெட்டுக்காரர். வேலைக்கு வருகிற சட்டையில் இல்லாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு இயக்குநரின் அறைக்கே வந்துவிட்டார். அந்த அம்மாள் உள்ளே வரத் தயங்கிக் கதவோரம் நின்றாள்.

"ஐயா, உங்க பொண்ணு வீடாமே! நான் உங்ககிட்டச் சொல்லி வெச்சிருந்தது பலிச்சுடுச்சு பாத்தீங்களா!"

இயக்குநர் அந்த ஆளை எதிர்பார்க்கவில்லை. வாங்குகிறவன் யாரோ முகம் தெரியாதவனாக இருப்பான் என்றுதான் அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தன் பெயரைத் திரும்பத் திரும்பச் செதுக்கிய அந்தக் கைகளைப் பார்த்தார். தூசி ஏறிய நகங்கள். மனசு உறுத்தியது.

"நல்லா யோசிச்சு வாங்குப்பா" என்றார்.

"யோசிக்க என்ன ஐயா இருக்கு? நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேடு. உங்க சொந்த மகளே அங்கதான் வாங்கியிருந்தாங்க. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்?" பிறகு தொழில்காரருக்கே உரிய ஆவலோடு குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. அடியில கல்லு எப்படி? கெட்டியான கல்லுதானே?"

கதவோரம் நின்ற அம்மாளும் பதிலுக்காக நிமிர்ந்தாள்.

"சோதனை நடைபெற்ற காலம் முழுவதும், கல் கரைந்ததற்கான அறிகுறி ஏதும் காணப்படவில்லை" என்றார் இயக்குநர்.

கல்வெட்டுக்காரருக்கு அந்த வாக்கியம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் இவ்வளவு சுத்தமான தமிழில் சொன்னது பொய்யாக இருக்காது என்று நம்பினார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா என்பதுபோல் தலையாட்டினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு கைமாறியது. கல்வெட்டுக்காரர் குடும்பம் குடிபோனது. தொழிற்சாலைக் குழாயும் பூமிக்குள் இறங்கியது. அந்தத் தொடக்க விழாப் பலகையைச் செதுக்கியவரும் அவர்தான். நம் நாயகருக்குத் தலைமை இயக்குநர் பதவி வந்தது. அறையைக் காலி செய்துகொண்டிருந்த நாளில் கல்வெட்டுக்காரர் மறுபடியும் வந்தார். தலையில் கோணி சுற்றிய ஒரு பலகை. இறக்கி வைத்துக் கோணியைப் பிரித்தார். கண்ணாடிபோல் மெருகேற்றிய கருங்கல்.

"என்னப்பா இது?"

"எங்க வீட்டு வாசல்ல பதிக்கப் போறேன் ஐயா. 'இவர் தயவால் அமைந்த இல்லம்'னு போட்டு, உங்க பேரு, பட்டம், புதுப் பதவி எல்லாத்தையும் செதுக்கணும். ஒரு பட்டத்தைக்கூட விடமாட்டேன். அளவெல்லாம் பாத்துட்டேன், எடம் தாராளமா இருக்கு. காசு கீசுன்னு பேசாதீங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

இயக்குநர் கல்லைப் பார்த்தார். கல் அவர் முகத்தைத் திருப்பிக் காட்டியது. கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வேண்டாம்."

"ஏன் ஐயா? அந்த நீரூத்துக் கல்லு மாதிரின்னு நெனச்சீங்களா? இது கருங்கல்லு ஐயா. நான் பொறுப்பு. வீடே போனாலும் இது நிக்கும்."

"அதான் வேண்டாங்கிறேன்!"

சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. வெளியே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கிச் சொன்னார்.

"உன் பேரைப் போட்டுக்கோப்பா. உன் வீட்டம்மா பேரு, பிள்ளைங்க பேரு, எல்லாத்தையும் போட்டுக்கோ. உள்ள இருக்கப் போறது நீங்கதானே."

கல்வெட்டுக்காரர் பலகையைக் கோணியில் மறுபடி சுற்றினார். ஊரெல்லாம் பெயர் பொறித்துக்கொண்ட மனிதர், ஓர் ஏழையின் வாசலில் மட்டும் அவன் பெயர்தான் இருக்க வேண்டும் என்கிறார்! இப்படியும் ஒரு பெருந்தன்மையா! கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதுதான் அந்த மறுப்பு. இனியாவது அவரை விளம்பரப் பிரியர் என்று யாரும் சொல்லாமல் இருக்க வேண்டும். சொன்னபடியே கல்வெட்டுக்காரர் வீட்டிலுள்ள அத்தனை பேர் பெயரையும் தன் கையால் ஆழமாகச் செதுக்கி வாசலில் பதித்துவிட்டார். கருங்கல், கரையாது. நாளைக்கு அந்த மேட்டைத் தோண்டி, உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று தேடுகிறவர்களுக்கு அது கையோடு கிடைக்கும். எவ்வளவு தோண்டினாலும் இயக்குநரின் பெயர் மட்டும் அங்கே கிடைக்காது.